தோக்தோசுனுக்குக் கிடைத்த எலும்பு

விமானத்துக்குள் கூட்டித் துடைக்கிற பெண்கள் நாங்கள். ஓஷ் ஊர் விமான நிலையத்தின் ஜனவரிக் குளிரில் வாளித் தண்ணீர் படி ஏறுவதற்குள் உறைய ஆரம்பித்துவிடும். ஒரு குளிர்காலம் முழுக்கப் படிக்கட்டின் அடியில் ஆவி பறக்கிற வெந்நீர் வாளிகள் எங்களுக்காக இருந்தன. சமையல் கூடத்தார் வைக்கிறார்கள் என்று நினைத்து அவர்களுக்காக துஆ செய்துகொண்டிருந்தேன். பனி உருகிய பிறகுதான் தெரிந்தது, பெட்டிகள் இழுக்கும் டிராக்டரை ஓட்டுகிற தோக்தோசுன் அண்ணன் தன் சாப்பாட்டு நேரத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். கேட்டதற்கு, "அந்தப் பக்கமாத்தான் வந்தேன்" என்றார். என் துஆ வீணாகியிருக்காது. யாருக்குச் சேர வேண்டும் என்று அல்லாஹ்வுக்குத் தெரியும்.

அவர்தான் எங்கள் சங்கத் தலைவர். அந்த வசந்தத்தில் கம்பெனி, துப்புரவையும் பெட்டி ஏற்றுவதையும் கான்ட்ராக்டுக்கு விடப் போவதாக அறிவித்தது. கான்ட்ராக்டர் என் வயதுக்காரிகளை எடுக்க மாட்டான். வேலையை நிறுத்திவிட்டு கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தோம். எர்மெக் என்கிற டைரக்டர் எங்களைப் பார்க்கவே மறுத்துவிட்டார்.

அப்போதுதான் எர்மெக்கின் தாயார் மவுத்தானார்.

"போகக் கூடாது அண்ணே. நம்ம மூஞ்சியில கதவைச் சாத்தினவன் வீட்டுக்கு எதுக்கு?" என்றான் மிர்லான். பெட்டி ஏற்றுகிறவன், வாய் அதிகம்.

"கதவைச் சாத்தினது அவன். போய்ச் சேர்ந்தது அவங்கம்மா."

"அப்ப அங்கயே பேசிருவோம். ஊரே பாக்கும்போது முடியாதுன்னு சொல்ல மாட்டான்."

"அங்க எவனாச்சும் வேலையப் பத்தி வாயத் தொறந்தீங்க, டிராக்டர மேல ஏத்திருவேன்."

அடுக்குமாடி வீடுகளின் நடுமுற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். அதன் வாசலில் எர்மெக் கைத்தடியில் குனிந்து சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். தெருமுனையிலிருந்தே எங்கள் ஆண்கள் முறைப்படி "தாயே!" என்று கதறிக்கொண்டு வந்தார்கள். யார் என்று பார்த்ததும் அவர் அழுகை ஒரு கணம் நின்றது. பிறகு ஒவ்வொருவரையும் கட்டிப் பிடித்து அழுதார்.

அடக்கம் முடிந்து குதிரைக் கறி வந்தது. வயதையும் மதிப்பையும் பார்த்துத்தான் எங்களில் எலும்பு பங்கிடுவார்கள். இடுப்பெலும்பு பெரிய மனிதருக்கு. பங்கிட்ட கிழவர் எர்மெக்கின் பெரியப்பா, மலையிலிருந்து வந்தவர். தோக்தோசுன் அண்ணனின் வெள்ளைத் தாடியைப் பார்த்தார், இடுப்பெலும்பை அவர் முன்னால் வைத்துவிட்டார். மறுத்தால் மய்யித்துக்கே அவமரியாதை. மிர்லான் முதுகெலும்புத் துண்டைக் கடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது, பேச்சுவார்த்தைக்கு வரச் சொல்லி.

"பாத்தீங்களா! எலும்பப் போட்டாங்க, இப்பக் கூப்பிடுறாங்க," என்றான் மிர்லான். "ருசியா இருந்துச்சா அண்ணே? எங்கள என்ன வெலைக்குப் பேசினீங்க?"

சிலர் சிரித்தார்கள். மற்றவர்கள் சும்மா இருந்தார்கள், அதுதான் எனக்கு வலித்தது. அண்ணனின் முகம் சிவந்து அடங்கியது.

"சரி, நான் உள்ள போகல. நீ போ. சைராகுல் தங்கச்சியும் போகட்டும்."

"நானா? நாலாங் கிளாஸ் படிச்சவ நான், அண்ணே," என்றேன்.

"பறிபோறது உங்க வேலை. அதச் சொல்றதுக்கு எதுக்கு அஞ்சாங் கிளாஸ்?"

பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். எர்மெக் எங்கள் முதுகுக்குப் பின்னால் தேடினார். "தோக்தோசுன் அண்ணன் எங்க?"

மிர்லான் தரையைப் பார்த்தான். நான்தான் சொன்னேன்: "உங்க வீட்டு இடுப்பெலும்பு அவர வாசல்லயே உக்கார வச்சிருச்சு, தம்பி."

அவருக்கு விளங்கியது. "பெரியப்பாவுக்கு இங்க ஒருத்தரையும் தெரியாது. அவரா வச்சாரு. நேத்து அண்ணன் ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் எல்லாத்துக்கும் தலையாட்டியிருப்பேன். கேக்கவே இல்ல."

மிர்லானின் காதுகள் சிவந்தன.

கான்ட்ராக்ட் இல்லை, எல்லோரும் வேலைக்குத் திரும்பலாம் என்றார் எர்மெக். ஆனால் வேலையை நிறுத்தச் சொன்னவர் மட்டும் போக வேண்டும், மேலே முதலாளிகள் அதில் பிடிவாதமாக இருக்கிறார்கள். நான் கெஞ்சினேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

மிர்லான் எழுந்து கேட்டுக்கு ஓடினான். நானும் பின்னாலேயே போனேன். "அண்ணே, உங்க தலையக் கேக்குறாங்க! நாங்க ஒத்துக்க மாட்டோம்!"

"போய்க் கையெழுத்துப் போடுறா. எனக்குப் போறது ஒரு வேலை. இந்தப் பொம்பளைங்க எத்தன பேரு?"

"நான் காலைல பேசினது..."

"எலும்புல கறி நெறைய இருந்துச்சு. அந்தப் பொறாமை ஒனக்கு."

மிர்லான் சிரிக்கவில்லை, அழுதான். நாங்கள் கையெழுத்துப் போட்டோம். என் வேலை எனக்குக் கிடைத்தது. அன்றிரவு தொழுகையில் நன்றி சொல்ல நாக்கு வரவில்லை. ரப்பே, மன்னித்துக்கொள்.

டிராக்டர் சாவியை ஒப்படைத்துவிட்டு அண்ணன் கேட்டுக்கு வந்தபோது நான் அங்கே நின்றிருந்தேன். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"இனி மிர்லான்தான் தலைவன். நல்லாச் சத்தம் போடுவான். ஆனா பசி தாங்க மாட்டான், தங்கச்சி. கூட்டத்துக்குப் போறப்ப அவனுக்கு ரெண்டு ரொட்டி எடுத்துட்டுப் போங்க."