பாக்கெட்டுக்குச் சொன்ன வைத்தியம்

யாரைத் தொடுவதற்கு முன்னாலும் ருக்மிணி தன் கையைக் கழுத்தில் வைத்துப் பார்ப்பாள். முதலில் உள்ளங்கை, அப்புறம் புறங்கை. ஜில்லென்று இருந்தால் கைகளைத் தேய்த்து, அக்குளில் கொஞ்சம் இடுக்கிக்கொண்ட பிறகுதான் நோயாளியின் போர்வையை விலக்குவாள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் அவள் கை பட்டதும் உடம்பைக் குறுக்கிக்கொண்டார். அன்று பிடித்த பழக்கம்.

ஈஜிபுராவில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வீடு. அவள், ஆட்டோ ஓட்டும் கணவன் ஜெயராஜ், பாக்கெட் என்கிற பூனை. குட்டியாக வந்த அன்றே வாசலில் கிடந்த பால் பாக்கெட்டைக் கடித்துக் குடித்துவிட்டு அதன் மேலேயே படுத்துத் தூங்கியது. ஜெயராஜுக்கு அதைக் கண்டால் ஆகாது. வாடகை தராத ஆள் என்பான்.

ஒருநாள் புறாவைத் துரத்திக்கொண்டு போன பாக்கெட் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே நின்ற பைக் மேல் விழுந்தது. முதுகில் அடி. பின்னங்கால்கள் இரண்டும் ஈரத் துணி மாதிரி தொங்கின. ருக்மிணி வார்டில் இருந்தாள், பாதியில் வர முடியாது. ஜெயராஜ்தான் காய்கறிக் கூடையில் வைத்து கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனான்.

சாயங்காலம் வந்தவள் கூடையைப் பார்த்தாள். உயிர் இருந்தது. எத்தனையோ பேரைப் பார்த்தவள், அவளே கேட்டுவிட்டாள்.

"ஊசி போட்டு முடிச்சிரலாம்னு சொன்னாரா?"

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லல," என்றான் ஜெயராஜ், கூடையைப் பார்த்தபடி. "அடிக்கடி திருப்பிப் படுக்க வெக்கணுமாம். மூத்திரம் தானா போவாதாம், அடிவயித்த அமுக்கி எடுக்கணுமாம். புண்ணு வராம பாத்துக்கணுமாம். வலிக்கு மருந்து குடுத்திருக்காரு."

"அவ்ளோதானா?"

"ஏன், பத்தாதா?"

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நாள் முழுக்க இதைத்தானே செய்கிறாள்.

மறுநாள் வார்டில் கேட்டு வாங்கிவந்த கையுறைகளில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி முடிந்து, பூனையின் இடுப்பெலும்பு தரையில் அழுந்தாதபடி அடியில் வைத்தாள். உப்பிய விரல்களோடு யாரோ கீழேயிருந்து தாங்குவது போலிருந்தது. மூத்திரம் எடுப்பதுதான் முதலில் பிடிபடவில்லை. பாக்கெட் கடித்தது. ஜெயராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதன் தலையைப் பிடித்தான். "அவ்ளோதான் கண்ணு, இதோ ஆச்சு," என்று நோயாளிகளிடம் சொல்வதையே அதனிடமும் சொன்னாள். அவள் ஷிஃப்டில் இருக்கும்போது அவன் சவாரிக்கு நடுவே வந்து திருப்பிப் போட்டுவிட்டுப் போனான்.

எதிர்வீட்டுச் சரளா எட்டிப் பார்த்து, மாமியாருக்குக்கூட யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்றாள். "எங்க மாமியா இதவிட ஜாஸ்தி கடிப்பாங்கக்கா," என்றாள் ருக்மிணி.

இடையில் பாக்கெட் சாப்பாட்டை நிறுத்தியது. கண்ணில் பீளை கட்டியது. நாம்தான் இதை வதைக்கிறோமோ என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. டாக்டரிடமே போய் ஊசி போட்டுவிடலாம் என்று அழுதாள். ஜெயராஜ் பூனையை மெதுவாகத் திருப்பிப் போட்டான். பிறகு, "டாக்டரு நம்பிக்கையாத்தான் சொன்னாரு," என்றான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு விரலில் கஞ்சியைத் தொட்டுத் தொட்டு ஊட்டினாள்.

ஒரு காலையில் பாத இடுக்கைத் துடைக்கும்போது பின்னங்கால் விரல்கள் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டன. அவள் மறுபடி துடைத்தாள். மறுபடி இழுத்தது. இன்னும் சில வாரங்களில் எழுந்து நின்று, கோணலாக இரண்டடி வைத்துச் சாய்ந்தது. "ஊத்திக்கினு வந்தியாடா?" என்று ஜெயராஜ் கேட்டான்.

லீவு கிடைத்த நாளில் டாக்டருக்கு நன்றி சொல்ல ருக்மிணி பாக்கெட்டோடு தனியாகப் போனாள். கன்னடக்கார இளைஞர். பூனையை மேஜையில் நடக்கவிட்டுப் பார்த்தவர் பின்னங்கால்களை மறுபடி அமுக்கிப் பார்த்தார். பிறகு கன்னடத்தில் விவரமாகச் சொன்னார். அன்று ஊசி போட்டுவிடலாம் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். திருப்பிப் போட வேண்டும், மூத்திரம் எடுக்க வேண்டும், புண் வராமல் பார்க்க வேண்டும், இதையெல்லாம் வீட்டில் யாரால் செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறார்.  ஜெயராஜ் வலிக்கு மருந்து மட்டும் எழுதித் தரச் சொல்லிவிட்டு, அந்த ஒவ்வொன்றையும் இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொன்னானாம்.