ஆளுக்கு ஒன்று

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் என் மனைவி என்னிடம் வாய்திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதையும் நானே தின்றுவிட்டு வந்தேன். வெட்கக்கேடு. சொல்லவே நாக்கு கூசுகிறது. சொல்லாமல் வைத்திருந்தால் அது இன்னும் மோசமாக இருக்கிறது.

முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் ஆல்ட்ரேஷன் தையல்காரி. புதுத்துணி தைக்கிறவள் இல்லை. மற்றவர்கள் தைத்ததைச் சரிசெய்கிறவள். பேன்ட் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது, நைந்துபோன காலரைப் பிரித்துத் திருப்பிப் போடுவது. நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே, சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும் இடத்தில் அவள் கடை. ஒரு மெஷின், ஓர் இஸ்திரிப்பெட்டி, துணி மாற்றத் திரை போட்ட ஒரு மூலை, ஆளுயரக் கண்ணாடி. அவ்வளவுதான். அளவு பார்க்கும்போது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவாள். அதனால் அந்தக் கட்டடத்தில் அவளுக்குப் பெயரே குண்டூசி அக்கா. சில நாள் வீட்டுக்கும் அப்படியே வந்து நிற்பாள்.

"எடுத்துட்டுப் பேசும்மா, முழுங்கித் தொலைக்கப்போற!" என்று கத்துவேன். கத்துவது எனக்குக் கைவந்த கலை. எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுப்பது என் தொழில். பட்டறையில் மெதுவாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. அதே குரலோடு வீட்டுக்கும் வந்துவிடுவேன். அவள் அதற்கும் பழகிக்கொண்டாள்.

அவள் சாப்பிட்டு நான் சரியாகப் பார்த்ததில்லை. இதை ஒரு குறையாக இதுவரை நினைத்ததும் இல்லை. எனக்கும் இரண்டு பையன்களுக்கும் பரிமாறுவாள். நாங்கள் கை கழுவி எழுந்த பிறகு அடுப்படியில் நின்றபடியே சட்டியிலிருந்து எதையோ எடுத்துச் சாப்பிடுவாள். மீன் வாங்கினால் நடுத்துண்டு எனக்கு. பையன்கள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு அவர்கள் பங்கும் என் தட்டுக்குத்தான் வந்தது. "உனக்கு?" என்று கேட்டால், "எனக்கு இருக்குங்க" என்பாள். எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று நான் ஒரு நாளும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவள் கடைக்கு நேர் எதிரே ஒரு ஜப்பானிய உணவகம் திறந்தார்கள். ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. ஒரு நீள மரமேடை, அதன் முன்னால் எட்டு நாற்காலிகள், மேடைக்கு அந்தப்பக்கம் சமையல்காரர். இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்க முடியாது. அவர் என்ன செய்கிறாரோ அதுதான். எட்டு வகை, ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாருக்கும் ஒரே நேரத்தில், ஆளுக்கு ஒன்று. மத்தியான நேரத்தில் போனால் நம்மைப் போன்றவர்களும் தாங்குகிற விலைதான். சமையல்காரர் இந்த ஊர்க்காரர். ஜப்பானுக்குப் போய் ஆறு வருஷம் பாத்திரம் கழுவி, அரிசி களைந்து, கடைசியில் கத்தி பிடிக்கவும் கற்றுக்கொண்டு வந்தவர். கடை திறந்த வாரம் அவருடைய வெள்ளைக் கோட்டுக்குக் கை நீளமாக இருந்தது. குறைத்துக் கொடுத்தது என் மனைவி. அப்போதிருந்து அவருக்கும் இவள் அக்காதான்.

அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு.

"இன்னிக்குக் கத்திரிக்காயை நெருப்புல காட்டிட்டே இருந்தாருங்க. வாசனை என் மெஷின் வரைக்கும் வருது."

"சரி."

"சாப்பிட்டு வெளிய வர்றவங்க உடனே போறதில்லைங்க. கொஞ்ச நேரம் வாசல்லயே நிக்கிறாங்க. ஒருத்தரும் பேசறதில்ல."

"பசி மயக்கமா இருக்கும். நெல்லிக்கா அளவுல எட்டுத் தட்டு வச்சா பேச்சு எங்கேருந்து வரும்?" என்பேன். சிரிப்பாள். நானும் என் நகைச்சுவையை மெச்சிக்கொண்டு அடுத்த வாய் சாப்பிடுவேன்.

இருபத்தைந்தாவது கல்யாண நாள் நெருங்கியது. பெரிய மனசு பண்ணி, "என்ன வேணும் கேளு. புடவையா, வளையலா?" என்றேன். அவள் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தலை நிமிராமலே சொன்னாள்.

"எதிர்க்கடையில உக்காந்து சாப்பிடணுங்க. முதல் தட்டுலேருந்து கடைசித் தட்டு வரைக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பொத்தானையே தடவிக்கொண்டிருந்தாள். இவள் ஒன்றரை வருஷமாக வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. "சரிம்மா, போவோம்" என்றேன்.

அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கே கடையைச் சாத்தினாள். திரைக்குப் பின்னால் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, வாடிக்கைக்காரர்களுக்குக் காட்டுகிற கண்ணாடியில் தானும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எதிர்க்கடைக்குப் பத்து அடிதான். ஏதோ பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். உள்ளே போனதும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

முதலில் மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்த முட்டை வந்தது. தயிர் மாதிரி மிருதுவாக இருந்தது. நான் இரண்டே வாயில் வழித்து முடித்தேன். முடித்ததோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம் இல்லையா? "சாம்பிள் முடிஞ்சுது. சாப்பாடு எப்போ?" என்றேன், பட்டறைக் குரலில். பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். அவருக்கு ஏதோ தோட்டமாம், தண்ணீர் மோட்டார் அடிக்கடி மக்கர் பண்ணுகிறதாம். பிடித்துக்கொண்டேன் அவரை. மோட்டாரின் கம்பிச்சுருள் ஏன் எரிகிறது, கம்பியில் என்னென்ன கலப்படம் செய்கிறார்கள் என்று ஆரம்பித்துவிட்டேன்.

"இதெல்லாம் வயித்துல எந்த மூலைக்குங்க?" என்று நடுவில் ஒரு அங்கலாய்ப்பு வேறு.

என் முன்னால் இன்னொரு கிண்ணம் இருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு கரண்டி நுனி எடுத்திருந்தது. "எனக்குப் போதுங்க. நீங்க சாப்பிடுங்க" என்றாள். வீட்டில் தினமும் கேட்கிற பேச்சு. கை தானாகப் போனது. சாப்பிட்டேன்.

அடுத்து, அந்தச் சுட்ட கத்திரிக்காய். ஒன்றரை வருஷமாக அவள் மெஷின் வரைக்கும் வாசனை வந்ததே, அதேதான். மேலே ஏதோ புளிக்கவைத்த பயறு விழுதைத் தடவி, தோல் கருக்கிக் கொண்டுவந்து வைத்தார். ஒரு நுனியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மீதியை என் பக்கம் நகர்த்தினாள். சாப்பிட்டேன். பிறகு நண்டுச் சதையை உருட்டிப் பொரித்தது, ஆளுக்கு ஓர் உருண்டை. மேல்தோலை உடைத்து வாயில் போட்டவள், உள்ளே இருந்ததை எனக்கு வைத்தாள். மோட்டார் கதையை நிறுத்தாமல் அதையும் சாப்பிட்டேன்.

நாலாவதுதான் மீன். கட்டைவிரல் அளவு சோறு, அதன்மேல் மெல்லிசாகச் சீவிய மீன், மேல்பக்கம் மட்டும் நெருப்புப் பட்டது. "ஒரே வாய்ல போட்டுக்கணும். பிய்க்கக் கூடாது" என்று சமையல்காரர் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். வாயில் போட்டேன்.

அடேயப்பா! நான் பேச்சை நிறுத்தினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கரைந்து போய்விட்டது. புகை வாசனை, ஒரு சின்னப் புளிப்பு, பிறகு நாக்கு முழுக்க ஒரு கொழுப்பு. மேடையைத் தட்டி, "யோவ், என்னய்யா இது!" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பிய்க்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரே. முழுசா நீங்களே சாப்பிடுங்க" என்று அவள் தட்டை என் முன்னால் வைத்தாள்.

சாப்பிட்டேன். முழுசாக. நல்லாயிருக்கிறது, இன்னொன்று கிடைத்தது என்பதைத் தவிர அந்த நிமிஷம் என் மண்டையில் வேறு ஒன்றும் இல்லை.

சமையல்காரர் கத்தியைத் துடைத்துவிட்டு எங்கள் பக்கம் குனிந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்தான் கேட்டார்.

"சார், நான் செய்யறது அக்காவுக்குப் பிடிக்கலையா?"

"ஏன், நல்லாத்தானே சாப்பிடறா?"

"இல்ல சார். நான் பாத்துட்டேதான் இருக்கேன். ஓரத்துல ஒரு துளி எடுக்கறாங்க, மீதி உங்ககிட்ட வந்துடுது. மீனை வாய்லயே வைக்கல. பிடிக்கலைன்னா சொல்லட்டும், அவங்களுக்கு வேற ஏதாவது செஞ்சு தர்றேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. முதலில் அவர்மேல்தான். எங்கள் வீட்டில் யார் தட்டு யாரிடம் போனால் இவருக்கு என்ன? அதைச் சொல்லவும் வாயெடுத்தேன். அப்போது என் முன்னால் இருந்தவை கண்ணில் பட்டன. இரண்டு கிண்ணம். இரண்டு நீளத் தட்டு. நண்டு வந்த சின்னத் தட்டு இரண்டு. மீன் தட்டு இரண்டு. எல்லாம் காலி. அவள் முன்னால் வெறும் மரம்தான் இருந்தது. தோட்டக்காரரும் அதைப் பார்த்துவிட்டு, சட்டென்று தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பினார்.

உடம்பெல்லாம் கூசிப்போனது. வீட்டில் ஒரே சட்டியிலிருந்து அள்ளிப்போடும்போது யார் பங்கு யாருக்குப் போனது என்று தெரியாது. இங்கே ஆளுக்கு ஒன்று. ஊர் பார்க்க நான் என் பெண்டாட்டி சோற்றைத் தின்றிருக்கிறேன்.

அந்த நேரத்தில் மனுஷனாகப் பிறந்தவன் என்ன செய்யவேண்டும்? நான் அவள்மேல் பாய்ந்தேன்.

"எதுக்கு எனக்கு வைக்கற? ஆசைப்பட்டு வந்தது நீதானே? நான் கேட்டனா?"

மற்ற நாற்காலிக்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவள் பதறிப்போய், என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"நீங்கதானே பத்தலைன்னு சொன்னீங்க" என்றாள் மெதுவாக.

ஆமாம், சொன்னேன். முதல் தட்டிலேயே சொன்னேன். அவளுக்கு அது போதும். நான் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

அதற்கப்புறம் குளிர்ந்த நூடுல்ஸ் வந்தது. நான் ஒரு புத்திசாலி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "ம், சாப்பிடு. முழுசா சாப்பிடு" என்று அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மருந்து குடிக்கவைக்கிற மாதிரி. அவள் தின்றாள். வாயில் அடைத்துக்கொண்டு தின்றாள். கண் என் தட்டிலேயே இருந்தது, இவர் ஏன் சாப்பிடவில்லை என்று. ருசித்திருப்பாள் என்று நான் நம்பவில்லை. சூப் வந்தது, காளான் சோறு வந்தது, அதுவும் அப்படியே போனது. எனக்கு வேறு ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. இவளுக்கு என்னதான் பிடிக்கும்? இருபத்தைந்து வருஷத்தில் ஒரே ஒரு பண்டத்தின் பெயரையாவது சொல்லிவிடலாம் என்று தேடினேன். எனக்குப் பிடித்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அத்தனையும் அவள் சமைத்தது.

இனிப்புக்கு முன்னால் அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டாம். இதுவரை வந்ததில் எது பிடித்ததோ, அதில் இன்னும் ஒன்று ஆளுக்குச் செய்து தருவார். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். தோட்டக்காரர் நண்டு என்றார். என்னிடம் வந்தபோது, வெட்கத்தோடு வெட்கமாக, "மீன்" என்றேன்.

"அக்கா, உங்களுக்கு?"

அவள் யோசிக்கவே இல்லை. "எனக்கும் அந்த மீனே குடுங்க தம்பி. அவருக்கு ரொம்பப் பிடிச்சுது."

சமையல்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்குத் தாங்கவில்லை. மீனைச் சீவினார், நெருப்பைக் காட்டினார், ஒன்றை என் முன்னால் வைத்தார், இன்னொன்றை அவள் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே நின்றார். அவள் கை வழக்கம்போலத் தட்டின் விளிம்புக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உன் வாய்ல போடு" என்றேன். நயமாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் கரகரவென்று கோபம் மாதிரியே வந்தது.

"உங்களுக்கு..."

"எனக்கு இருக்கு. போடும்மா."

எடுத்து வாயில் போட்டாள். கொஞ்ச நேரம் மென்றாள். பிறகு மெல்லுவதை நிறுத்திவிட்டாள். கண் மூடிக்கொண்டது. கை என் கைக்குள்ளேயே இருந்தது, உருவிக்கொள்ளவில்லை. விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் கோபமோ குத்தலோ ஒரு பொட்டுக்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"என்னங்க, மொதல்ல வந்தப்பவும் இது இவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

இரண்டு சாப்பிட்டவன் நான். என்னைத் தவிர வேறு யாரைக் கேட்பாள்?

"ஆமா" என்றேன். "நல்லாத்தான் இருந்துச்சு."