புகைக்கொட்டகையில் காய்ந்த லேஸ்

ரப்பர் மரத்தில் உளியை இழுத்துவிட்டால் பால் உடனே நிறைந்துவிடாது. கோடு வழியாக ஊறி, சொட்டுச் சொட்டாக மங்கு என்கிற கிண்ணத்தில் இறங்க வேண்டும். அதுவரை வெட்டுக்காரர்களுக்கு வேலை இல்லை. சிலர் வெற்றிலை போடுவார்கள். சிலர் வேரில் தலைவைத்துக் கண் அயர்வார்கள். ஜொகூரில் செடெனாக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் கருப்பாயியை முதலில் பார்த்தேன்.

அவள் இடுப்பில் ஒரு பால்டின் கட்டியிருந்தது. மூடியில் ஆணியால் போட்ட ஓட்டை வழியாக வெள்ளை நூல் வந்துகொண்டிருந்தது. குடைக்கம்பியை முறித்துக் கல்லில் தேய்த்துச் செய்த கொக்கி ஊசி அந்த நூலைப் பிடித்து, இழுத்து, கண்ணியாக்கி, அந்தக் கண்ணிக்குள் இன்னொன்றை நுழைத்துப் போய்க்கொண்டே இருந்தது. அவள் பார்வை அதில் இல்லை. தன் நிரையில் எந்த மங்கு நிறைகிறது என்று மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் அக்கா கெர்ட்ரூட் ஜொகூர் பாருவில் தையல் வீடு நடத்தினாள். ரயில் நிலையத்தில் யாரோ விற்ற ஒரு குவளை மூடி அவள் கைக்கு வந்தது. பாலில் ஈ விழாமல் மூடுகிற, ஓரத்தில் பாசிமணி கோத்த லேஸ் வட்டம். அதைப் பின்னியது யார் என்று கண்டுபிடித்து வர என்னை அனுப்பினாள். நான் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆயாவாகக் கொழும்பு, எடின்பரோ என்று பல வருஷம் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். வீட்டில் கால் தரிக்கவில்லை. எங்கேயாவது போ என்று சொன்னால் போதும், கிளம்பிவிடுவேன்.

"எங்க கருப்பாயி வலை பின்னுறா சின்னம்மா," என்றாள் பக்கத்து நிரைக் காளியம்மா. "சுங்கை ஆத்துல மீன் புடிக்கப் போறாளாம்."

"புடிச்சா ஒனக்குத் தல மட்டும் தாரேன்டி," என்றாள் கருப்பாயி, ஊசியை நிறுத்தாமல்.

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"யாருமில்ல. தொர வீட்டுல கொஞ்ச நாளு பாத்திரம் கழுவுனேன். கிழிஞ்ச மேச விரிப்பு ஒண்ணக் குப்பையில போட்டாங்க. எடுத்தாந்து ஒவ்வொரு கண்ணியா அவுத்துப் பாத்தேன். அவுக்கத் தெரிஞ்சா போடவும் தெரியும்தானே?"

அவள் கைகளைப் பார்த்தேன். ரப்பர் பால் விரலில் பட்டுக் காய்ந்தால் கருத்துப் பிசினாகிவிடும். வெட்டுக்காரர்களின் நகக்கண்ணைப் பார்த்தாலே தொழில் தெரியும். கருப்பாயி ஒவ்வொரு முறையும் தேங்காய் எண்ணெய் தடவி அந்தப் பாலை உருட்டி உரித்து, சாம்பலில் கைகழுவி, முந்தானையில் துடைத்த பிறகே நூலைத் தொடுவாள். பால் எடுக்கக் கொம்பு ஊதினால் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு ஓடுவாள். அப்படித் துண்டு துண்டான நேரத்தில் பின்னியதில் ஒரு கறைகூடக் கிடையாது. தொடக்கத்தில் அவளுக்கு நூல் வாங்க வழியில்லை. கோதுமை மாவு மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலைப் பிரித்து வைத்துக்கொள்வாளாம்.

அது ரப்பர் விலை அடியோடு விழுந்திருந்த 1931. என்னை ரயிலுக்கு வழியனுப்ப வந்தபோதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"தீவாளி கழிஞ்சதும் எங்க லயத்து வீடுகள்ல பாதிப் பேரக் கப்பல் ஏத்துறாங்க, சின்னம்மா. நாகப்பட்டினத்துக்கு. நானும் எம்புருசனும் அதுல இருக்கோம்னு கங்காணி சொல்லிட்டாரு."

"ஊர்ல யார் இருக்காங்க?"

"எந்த ஊருல? நான் இந்த லயத்துல பொறந்தவ. எங்கப்பன் ஆத்தாளப் பொதச்சது இங்க. நீங்கதான் கப்பல்ல போனவங்க, நீங்க சொல்லுங்க, அந்த ஊரு எப்புடி இருக்கும்?"

நாகப்பட்டினத்தில் நானும் இறங்கியதில்லை.

அக்காவிடம் சொன்னேன். அவள் உருகிவிடுகிற ஆள் இல்லை. நன்றாக யோசித்துவிட்டுத்தான் பேசினாள். "அக்டோபர் கடைசியில மாதாகோவில் கூடத்துல கைவேலைச் சந்த இருக்கு. அவளுக்கு ஒரு மேச தரேன். நெறையக் கொண்டுவரணும், எல்லாம் வெள்ளையா இருக்கணும். வித்துச்சுன்னா பின்கட்டு அறையும் வேலையும் அவளுக்கு. விக்கலன்னா நான் என்ன செய்றது ஐலீன்? இந்த வருசம் சட்ட தைக்கவே ஆளு வரல."

இங்கேயே வேலை இருக்கிறது என்றால் அவர்கள் கப்பல் ஏற வேண்டியதில்லை. கருப்பாயியின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு மேசை மேல் வந்து நின்றது.

எடின்பரோவில் அக்டோபர் என்றால் இலைகள் சிவந்து உதிரும். ஜொகூரில் அப்படி எதுவும் இல்லை. மழை வரும், வந்தால் போகாது. அந்த அக்டோபரில் வெட்டு நாட்கள் குறைந்தன, கூலி குறைந்தது, பின்னல் வளர்ந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் கருப்பாயி இரவல் பெட்டியில் வெள்ளை வெள்ளையாக அடுக்குகிறாள் என்று செய்தி கொண்டுவந்தார்கள்.

சந்தை நாள் காலை மழையோடுதான் விடிந்தது. கூடத்தின் தகரக் கூரையில் அது கொட்டிக்கொண்டிருந்தது. மலாய்ப் பெண்கள் மெங்குவாங் தாழைப் பாய்களைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். கூடை முடைகிற சீனர் ஒருவர் தன் கூடைகளையே தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். சிங்கப்பூர்ச் சீமாட்டிகள் பாலம் தாண்டிக் கார்களில் வந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள். முதல் ரயிலில் கருப்பாயியும் அவள் புருஷன் வேலுவும் மூட்டையோடு வந்தார்கள். வேலு தோட்டத்துப் புகைக்கொட்டகையில் நெருப்புப் பார்க்கிறவன். ரப்பர் ஷீட்டுகளை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டுப் புகையில் காயவைப்பது அவன் வேலை.

மூட்டையை அவிழ்க்கும் முன்னமே வாசனை வந்தது. அக்கா மூக்கைச் சுருக்கினாள். பிரித்தாள். உள்ளே இருந்தவை குவளை மூடிகள், கழுத்துப் பட்டிகள், தலையணைக் கரைகள், பெரிய மேசை விரிப்பு ஒன்று. எல்லாம் தேன் நிறம். சில கருப்பட்டி நிறம். நடுவில் மூங்கில் கழியின் தடம் கோடாக விழுந்திருந்தது.

"என்னடி இது, கருவாடா?" என்றாள் அக்கா.

"நாந்தாம்மா," என்றான் வேலு. தலை குனிந்திருந்தது. "கஞ்சி போட்டு வச்சா காயவே மாட்டேங்குதும்மா. மழ விடல. பூசணம் புடிக்க ஆரம்பிச்சிருச்சு. இவ வெட்டுக்குப் போயிருந்தா. நம்ம கொட்டகையிலதான் ஷீட்டெல்லாம் காயுதே, இதுவும் காயுமேன்னு…"

"காஞ்சுதா?"

"நல்லாக் காஞ்சுதும்மா." அந்த ஒரு பதிலில் மட்டும் அவன் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

"தொவைச்சா போகுமா?"

"பொகை ஏறுனது எறங்காதும்மா. அதுக்குத்தானே ஏத்துறது."

அக்கா மூட்டையை அப்படியே கட்டி மேசைக்கு அடியில் தள்ளினாள். கேக்கும் பாலும் மூடுவதற்குப் புகை நாறும் துணியை எந்தச் சீமாட்டி வாங்குவாள் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. மற்ற மேசைகள் நிறைந்து கிடந்தன. கருப்பாயியின் மேசையில் விரித்த துப்பட்டி மட்டும்தான் இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அழுவாள், அல்லது புருஷனை நாலு வார்த்தை கேட்பாள் என்று நினைத்தேன்.

"அம்மா, வெள்ள நூலு இருக்கா?" என்றாள்.

"இப்ப எதுக்கு?"

"மேச காலியா இருக்கே."

அக்கா தன் பெட்டியிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்துக் கொடுத்தாள். கருப்பாயி கொண்டையிலிருந்து குடைக்கம்பியை உருவினாள். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தொடங்கினாள்.

நான் லேஸ் பின்னுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் நடுவில் ஒரு வளையம் போட்டுச் சுற்றிச் சுற்றி வருவார்கள். இவள் நேராக ஒரு தண்டு இறக்கினாள். பிறகு அதன் இருபுறமும் சாய்வாகக் கோடுகள் கிளம்பின, ஒன்றன்கீழ் ஒன்றாக, எல்லாம் நடுத்தண்டை நோக்கி இறங்குவனவாக. ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் சின்னச் சின்னத் துளிகள். ஊசி போகிற வேகத்தில் கையைப் பார்க்க முடியவில்லை, கைக்குக் கீழே துணி இறங்குவதைத்தான் பார்க்க முடிந்தது. ஒன்றுமில்லாத காற்றிலிருந்து அது வந்தது என்று சொன்னால் என்னை யாரும் நம்ப வேண்டாம். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பாய் விற்கும் மலாய்க்காரப் பெண் ஒருத்தி முதலில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, சட்டென்று வாயில் கை வைத்தாள். "பொக்கொக் கெத்தா!" என்றாள். ரப்பர் மரம்! அதற்குப் பிறகுதான் எனக்கும் தெரிந்தது. மரப்பட்டையில் உளி போட்ட சாய்வுக் கோடுகள், நடுவில் பால் இறங்கும் வாய்க்கால், அடியில் மங்கு. அவள் அத்தனை வருஷம் விடியற்காலையில் விளக்கோடு பார்த்த பட்டை, அவள் மடியில் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது.

கூட்டம் சேர்ந்தது. நான் எத்தனையோ பெரிய தேவாலயங்களில் அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனவள். அன்றைக்குக் குனிந்து பார்த்தேன். என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை. அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உதடு மட்டும் சத்தமில்லாமல் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் காப்பிக்கடை வைத்திருக்கும் சீனர் ஒருவர் மேசைக்கு அடியில் குனிந்து, மூட்டையை முகர்ந்து பார்த்து, "ஆசாப்!" என்று சிரித்தார். வேலு பிடித்துக்கொண்டான். ஆமாம், புகைதான், பூச்சி கிட்டே வராது, ரொட்டி அலமாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று மலாயில் அவன் அவிழ்த்துவிட்டதை அக்கா வாயைப் பிளந்து கேட்டாள். சீனர் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனார். மீதி அப்படியே கிடந்தது.

மதியத்துக்குமேல், தொப்பி வைத்த சிங்கப்பூர்ச் சீமாட்டி ஒருத்தி கருப்பாயியின் மடியில் இருந்த பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். தன் வீட்டு ஜன்னல்களுக்கு இதே போலத் திரைகள் வேண்டும், கிறிஸ்துமசுக்குள் வேண்டும் என்றாள். பின்னால் நின்ற இன்னொருத்தி தனக்கும் என்றாள்.

"செய்து தருகிறோம். டிசம்பரில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்," என்று அக்கா ஆங்கிலத்தில் சட்டென்று சொல்லிவிட்டாள். நான் கருப்பாயிக்குத் தமிழில் சொன்னேன்.

ஊசி நின்றது. காலையிலிருந்து அப்போதுதான் முதல்முறை நின்றது.

"டிசம்பர்ல நான் எங்கம்மா இருப்பேன்?"

அக்கா அவளைப் பார்த்தாள். காலியாகக் கிடந்த மேசையைப் பார்த்தாள். முன்பு பேசிவைத்தபடி பார்த்தால் மேசை தோற்றுப்போயிருந்தது.

"எங்க இருப்ப? பின்கட்டுலதான். வேற எங்க வச்சு இத முடிக்கிறது?"

கருப்பாயி புருஷன் பக்கம் தலையை அசைத்தாள். "இவரு?"

"இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட ஆள் வேணும்."

"கரி போடட்டும்மா. துணியத் தொட வேணாம்."

"நான் எதுக்குப் புள்ள தொடப் போறேன்," என்றான் வேலு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஊசியை மறுபடி எடுத்தாள்.

சாயங்காலம் அறையைக் காட்ட நான்தான் அழைத்துப் போனேன். சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். மழை விட்டிருந்தது. அவள் ஜன்னலைத் திறந்தாள். நீரிணைக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஒரு கரை தெரிந்தது.

"அது எந்த ஊரு சின்னம்மா?"

"சிங்கப்பூர்."

"கப்பல் அங்கேருந்துதானே?"

"ஆமா."

பார்த்துக்கொண்டே நின்றாள். பக்கத்து நிரைக் காளியம்மாவின் பெயரும் அந்தக் கப்பல் பட்டியலில் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் கழித்து நாற்காலியைத் தூக்கி, முதுகு ஜன்னல் பக்கம் இருக்கும்படி திருப்பிப் போட்டாள்.

"வெளிச்சம் பின்னாலேருந்து வந்தாத்தான் கண்ணி தெரியும்," என்று சொல்லி உட்கார்ந்தாள்.