எல்லம்மாவிடம் வெற்றிலை கேட்ட மீரான் பாய்

மீரான் பாய் இறந்த செய்தி எனக்குப் பொன்னேரியில் கிடைத்தது. எங்கள் முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒருவரின் மனுவோடு தாலுகா அலுவலகம் போயிருந்தேன். பழவேற்காடு பஸ்ஸின் கண்டக்டர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "சார், உங்க பாய் காலைல பூட்டாரு. மாரடைப்புன்னு சொல்றாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்றார். யாரும் சொல்லவில்லை. அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். திருப்பாலைவனம் தாண்டும்வரை என் மனதில் ஓடியது துக்கமல்ல. இல்லத்தில் இருப்பவர்களுக்கு நான்தான் இதைச் சொல்ல வேண்டும், அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் என்ற ஆசை. போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் அழுது ஓய்ந்திருந்தார்கள். வடித்த சோறு பானையோடு அப்படியே இருந்தது. ஒருவர்கூட என்னிடம் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

இதைப் படிக்கப்போகிறவர்கள் எல்லோரும் அவரைத் தெரிந்தவர்கள். அதனால் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். மீரான் பாயோடு வேலை பார்த்த காலம் முழுவதும் அவரைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். அவர் இறந்த அன்றைக்கும் எரிந்தது.

ஏழெட்டு வருடம் முன்பு, எழுபதுகளின் கடைசியில், பழவேற்காட்டில் இருக்கும் இந்த இல்லத்துக்கு வார்டனாக வந்தேன். ரயில் நிலையத்திலும் கோயில் வாசலிலும் சந்தையிலும் படுத்துக் கிடந்த வயதானவர்களைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளும் இடம் இது. மீரான் பாய் இங்கே உதவியாளர். குளிப்பாட்டுவது, துணி துவைப்பது, சாப்பாடு போடுவது எல்லாம் அவர்தான். அவருடைய முன்னோர் கப்பலில் சரக்கு ஏற்றி வியாபாரம் செய்தவர்கள் என்று ஊரில் சொல்வார்கள். இவர் காலத்தில் மிஞ்சியது வெள்ளைச் சட்டை போடும் பழக்கம் மட்டும்தான். அந்த வெள்ளைச் சட்டையோடு அவர், நேற்றுவரை பிச்சையெடுத்தவர்களிடம் போய் நின்று கேட்டு வாங்குவதை முதல் வாரமே பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எல்லம்மா விஷயத்தில்தான் அதைப் பார்த்தேன். அவளைப் பொன்னேரி ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வந்தவன் நான். மூன்று நாள் போய்ப் பேசி, நான்காம் நாள் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினேன். புதுப்புடவை கொடுத்தேன், கட்டிலில் மெத்தை போட்டுக் கொடுத்தேன். எதற்கும் அவள் முகம் மலரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். மீரான் பாய் வந்தார். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். "எல்லம்மா, வாயெல்லாம் சப்புனு கீது. வெத்தல இருந்தா ஒண்ணு குடேன்" என்றார். எழுந்து உட்கார்ந்து இடுப்பு முடிச்சை அவிழ்த்து, காய்ந்துபோன பாதி வெற்றிலையை எடுத்தாள். "சுண்ணாம்பு இல்லியே நைனா" என்று வருத்தப்பட்டாள். "பரவால்ல குடு" என்று வாங்கி மென்றார். கிழவி சிரித்தாள். நான் மெத்தை கொடுத்தும் வராத சிரிப்பு!

வெளியே அழைத்துப் போய்க் கடிந்துகொண்டேன். ஒன்றுமில்லாதவளிடம் பிடுங்கித் தின்கிறீரே, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "இவங்களுக்குக் குடுக்கறவங்க ஊர் பூரா இருக்காங்க சார். இவங்ககிட்ட கேக்கறதுக்குத்தான் ஒர்த்தரும் இல்ல" என்றார். எனக்கு அது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது.

அவர் யாரையும் விட்டுவைக்கவில்லை. கோவிந்தன் என்றொரு கிழவரிடம் தினமும் பாதி பீடி கேட்பார். பாய்க்குப் பீடிப் பழக்கமே கிடையாது. வாங்கிக் காதில் செருகிக்கொண்டு நாள் முழுக்கத் திரிவார். கோவிந்தன் அந்தக் காதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போவார். நான் அதைப் பார்த்துப் பார்த்துப் புழுங்குவேன். ஏரியைத் தாண்டிப் பசியாவரம் கிராமத்துக்குப் படகில் போய் மீன் வாங்கி வரும் வேலையை அவர் தலையில் கட்டினேன். வெயில் ஏறும்வரை அவர் இருக்க மாட்டார், அதற்குள் எல்லோரையும் என் பக்கம் இழுத்துவிடலாம் என்று திட்டம். என்ன நடந்தது தெரியுமா? காலைப் பலகாரம் முடிந்ததும் அத்தனை பேரும் எனக்கு முதுகைக் காட்டி, ஏரியைப் பார்த்து, படகு வருகிறதா என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

கடைசியில் நான் செய்த காரியத்தை எழுத இப்போதும் கை கூசுகிறது. உதவியாளர் முதியவர்களிடம் பொருள் வாங்கித் தின்கிறார் என்று நிர்வாகக் குழுவுக்குப் புகார் எழுதினேன். பெயர் போடவில்லை. கூப்பிட்டு விசாரித்தார்கள். "ஆமா, வாங்கித் துன்னேன்" என்றார் பாய். முடிவெடுக்கும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் எல்லம்மாவைக் காணவில்லை. நேரே பொன்னேரிக்கு ஓடினேன். டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பன் வாங்கிக் கொடுத்தேன், டீ வாங்கிக் கொடுத்தேன், வா போகலாம் என்று கெஞ்சினேன். பன்னை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ நல்ல மன்சன்தான் சார். எல்லாம் குடுக்கற. இங்கியுந்தான் குடுக்கறாங்க. அப்பறம் இன்னாத்துக்கு நான் அங்க வரணும்?"

"இங்க வெயில், மழை. விழுந்தா தூக்க ஆளில்ல."

"அங்க பாய் இருந்தாரு. நான் குடுத்தா வாங்கிக்குவாரு. இப்ப அவுரும் இல்ல."

அவளை அங்கே விட்டுவிட்டுப் போனால் அடுத்த மழைக்குத் தாங்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் மீரான் பாய் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எல்லம்மா போய்விட்டதைச் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் போகும்போது, புகார் எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். "தெரியும் சார். ஆபீஸ்ல காட்னாங்க. உங்க கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்குமே" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நிலையத்தில் அவர் எல்லம்மாவின் பக்கத்தில் போய்க் குந்தினார். "காலைலேந்து ஒண்ணும் துன்னல எல்லம்மா. இன்னா வச்சிருக்க?" நான் வாங்கிக் கொடுத்த பன்னை எடுத்துப் பிய்த்து ஒரு பாதியை அவரிடம் கொடுத்தாள். மறு பாதியை என்னிடம் நீட்டினாள். "எனக்கு வேண்டாம், நீ சாப்பிடு" என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். அடுத்த பஸ்ஸில் அவள் எங்களோடு வந்தாள், பாய் பக்கத்தில் உட்கார்ந்து. இறங்கும்போது பாய் மெதுவாக, "வாங்கியிருக்கலாம் சார்" என்றார். அவர் என்னைக் குறை சொன்னது அந்த ஒரு தடவைதான்.

மறுநாளே குழுவிடம் போய் உண்மையைச் சொல்லி அவரைத் திரும்ப வேலைக்குச் சேர்த்தேன். அதன்பிறகு அவரோடு நட்பாகத்தான் இருந்தேன். ஆனால் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். அவரைப் போலக் கேட்டுப் பார்க்கவும் செய்தேன். "எல்லம்மா, வெத்தல இருக்கா?" என்றேன் ஒருநாள். "உனுக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லியே சார்" என்று சொல்லிவிட்டாள். பீடிப் பழக்கம் இல்லாத பாய் பீடி வாங்கலாம், நான் வெற்றிலை வாங்கக் கூடாதாம். என்ன நியாயம் இது?

பாயை அடக்கம் செய்த மறுநாள் காலை எல்லம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். எங்கே என்றேன். "டேசனுக்கு" என்றாள். உனக்கு என்ன வேண்டும், சொல், வாங்கித் தருகிறேன் என்று ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாய் போன துக்கம் அப்போதுதான் வந்தது என்று நினைக்கிறேன்.

"போவாத எல்லம்மா. நீயும் பூட்டா என்னால இங்க இருக்க முடியாது. எனக்கோசரம் இரு."

முடிச்சுப் போட்ட கை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனுக்கு இன்னாத்துக்கு சார் நானு?"

"தெரியல. நீ வேணும்."

மூட்டையைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். "சரி. பாய்க்கு நாப்பதாம் நாள் காரியத்துக்குப் பாத்தியா ஓதற வரைக்கும் இருக்கறேன். அப்பறம் என் இஷ்டம்" என்றாள்.

அதுவும் அவருக்காகத்தான், எனக்காக இல்லை. சுருக்கென்றுதான் இருந்தது. மீரான் பாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த நாற்பது நாள்தான். அது முடிவதற்குள் எனக்காகவும் இருக்கிறேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இன்று பதினோராம் நாள். எல்லம்மா இன்னும் மூட்டையை அவிழ்க்கவில்லை.