குளிர்பெட்டிக்காரர்

அண்ணன் இறந்த மறுநாள் காலையில் அவர் உடலை வைத்திருந்த குளிர்பெட்டி குளிர்வதை நிறுத்திவிட்டது. துபாயிலிருந்து அவர் மகன் சங்கரன்கோவிலுக்கு வந்து சேர மத்தியானம் ஆகும். அதுவரை தாங்காது, எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

பெட்டியை வாடகைக்குத் தந்தவர் வந்தார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் டெஸ்டர். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே கிடந்த அண்ணனிடம், "அண்ணாச்சி, கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க" என்று சொன்ன பிறகுதான் குனிந்தார். எந்த வீட்டிலும் அப்படித்தான் சொல்வாராம்.

கரண்ட் வருகிறதா என்று பார்த்தார். மோட்டாரைத் தொட்டுக் கையை உதறினார். பிறகு தலைமாட்டில் குவிந்திருந்த மாலைகளை அள்ளி அகற்றினார். பின்னால் ஒரு கம்பி வலை இருந்தது.

"சூடு வெளிய போற வழிய மாலையப் போட்டு அடைச்சிட்டாவ. பொறவு எப்படிக் குளிரும்?"

"சரியாயிருமா?" என்றேன்.

"ஆறினா ஓடும். இனி இங்கன ஒரு மாலை விழக்கூடாது. வாரவுககிட்ட நீங்க சொல்லணும்."

மாலையோடு வருகிறவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தவர், "சரி, இரிங்க" என்று தானே தலைமாட்டில் நின்றுகொண்டார். வந்த மாலைகளை வாங்கி, கண்ணாடியில் தொட்டுவைத்து, சுவரோரம் சாய்த்தார்.

"மாலையப் பிடுங்குதியே, நீ யாருலே?" என்றாள் ஒரு கிழவி.

"பெட்டிக்காரன்ம்மா. மகன் வந்து மொகம் பாக்கணும்லா."

பெட்டி மறுபடி குளிரத் தொடங்கியது. மத்தியானம் மகன் வந்தான். தலைமாட்டில் நின்றவரைச் சொந்தக்காரர் என்று நினைத்து, அவர் தோளில் விழுந்து அழுதான். அவன் அழுது ஓயும்வரை பெட்டிக்காரர் அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். அவன் சித்தப்பா நான் பக்கத்தில்தான் நின்றேன்.