சுலபமாக வெட்டுப்பட்ட எஃகு

பட்டறையில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு இடத்தில் நின்று பழக்கமில்லை. சக்கர நாற்காலிக்கு லேத்தில் அச்சு கடைவது அவள் வேலை. அதைச் சட்டத்தோடு வெல்டிங் வைத்து ஒட்டுவது பக்கத்துக் கொட்டகையில் அவள் புருஷன் வேலை.

பழைய எஃகு அவள் உயிரை வாங்கியது. கடையும்போது இரும்புச் சீவல் அறுபடாமல் நீண்டு நீண்டு வந்து வெட்டுளியைச் சுற்றிக்கொள்ளும். முதலாளியை நச்சரித்துப் புது ரகம் வரவழைத்தாள். அது வெண்ணெயாக வெட்டுப்பட்டது. சீவல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஆனால் வீட்டில் புருஷன் முகம் செத்துப் போயிருந்தது. உட்காருவான், எழுந்திருப்பான், கையை விரித்து விரித்துப் பார்ப்பான்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல."

விடாமல் குடைந்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"வைக்கிற வெல்டிங்ல மயிரிழையா விரிசல் விடுது. திரும்பத் திரும்ப வச்சாலும் அதேதான். கை போச்சோ என்னவோ. யாராவது உக்காந்து அது முறிஞ்சா?"

மறுநாள் லேத் ஓடியது, மனசு ஓடவில்லை. எனக்கு வேலை லேசானதும் இவருக்குக் கை கெட்டதும் ஒண்ணாவா வரும்? அந்த நினைப்பு ஈயாக மொய்த்தது. இயந்திரத்தை நிறுத்தினாள். பழைய கம்பித் துண்டு ஒன்றையும் புதுசில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

"ரெண்டையும் தனித்தனியா சட்டத்துல ஒட்டிக் காட்டுங்க."

பழையது சுத்தியலுக்கும் மசியவில்லை. புதுசு ஆறும்போதே கோடு விழுந்துவிட்டது.

அவள் காட்டியதும் முதலாளி எஃகு வியாபாரிக்குப் போன் போட்டார்.

"சீவல் ஒடியறதுக்காகவே கந்தகம் கூடுதலா சேர்த்த ரகம் சார் அது," என்றார் வியாபாரி. "கடையறதுக்கு அருமை. வெல்டிங் தாங்காது. ஒட்டப் போறோம்னு நீங்க சொல்லலையே."

"நான்தான் கேக்காம விட்டுட்டேன்," என்று முதலாளி வண்டிச் சாவியை எடுத்தார். விரிசல் கண்ணில் படும் முன்பே புது எஃகில் செய்த மூன்று நாற்காலிகள் வெளியே போயிருந்தன.

இரண்டு நாற்காலிகள் மதியத்துக்குள் திரும்பிவிட்டன. மூன்றாவதைக் காணோம். அந்த வீட்டில் போன் எடுப்பாரில்லை. அவள் வாசலுக்கும் லேத்துக்கும் நடந்து தேய்ந்தாள். நான்தானே நச்சரிச்சேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பொழுது சாயும் நேரத்தில் வண்டி வந்து நின்றது. இறங்கிய நாற்காலியில் யாருடைய கம்பளிச் சட்டையோ அப்படியே தொங்கியது.

"கடைக்குப் போயிருந்தாங்களாம்," என்றார் முதலாளி. "உக்காந்திருந்தவங்களைத் தூக்கிக் கட்டில்ல விட்டுட்டுக் கொண்டாந்தேன். காத்திருக்காங்க."

புருஷன் குனிந்து பார்த்தான். விரிசல் பாதி தூரம் ஓடியிருந்தது. அந்த அச்சை அறுத்தெடுக்க ஆரம்பித்தான். அவள் பழைய கம்பியை லேத்தில் பூட்டினாள்.