பொட்டு வைத்த ஹெரால்டு

2005, விஜயதசமி. காலை ஆறு மணிக்கே என் ஸ்கூட்டர் மானத்தை வாங்கிவிட்டது. முந்தின நாள் ஆயுத பூஜைக்கு அதைக் குளிப்பாட்டி, பக்கவாட்டு மூடியையும் கழற்றி, உள்ளே ஓர் இடம் விடாமல் நானே சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டிருந்தேன். இவ்வளவு மரியாதை செய்த வண்டி மறுநாள் கிளம்ப மறுத்தால் வயிறு எரியுமா எரியாதா? உதைத்து உதைத்து முட்டி வலித்ததுதான் மிச்சம். போன மாதம் சர்வீஸ் செய்த மெக்கானிக்கை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவனுக்குப் போன் போடச் சொல்லி மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

விருத்தாசலம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய். பழைய கார் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அங்கே பீங்கான் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் ஒன்பது பழைய கார்களைச் சேர்த்து, கேட்டவர்களுக்கெல்லாம் திறந்து காட்டுகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சேத்தியாத்தோப்பில் ஏறியவர் ஒரு வாழைத்தாரை என் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"எங்க சார், கோயிலுக்கா?"

"இல்லீங்க, பழைய கார் பாக்கப் போறேன்."

"வாங்கறதுக்கா?"

"சும்மா பாக்க."

"நல்ல நாளும் அதுவுமா?" என்றவர், வாழைத்தாரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

எட்டரைக்கு விருத்தாசலம். இரண்டு இட்லியை உள்ளே தள்ளிவிட்டு ஆட்டோ பிடித்தேன். "கோதண்டம் ஷெட்டுக்கா? ஏறுங்க. பொண்ணு வூட்டுக்காரங்களா?" என்றார் டிரைவர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. செராமிக் எஸ்டேட்டைத் தாண்டும்போது சாலையோரம் பொம்மைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பின்னால் மூட்டை மூட்டையாக, வீட்டு மீட்டர் பெட்டியில் மாட்டும் ஃபியூஸ் கட்டைகள். கரண்டு தாவாமல் காக்கும் வெள்ளைப் பீங்கான். தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு அது இங்கிருந்துதான் போயிருக்கும்.

ஷெட்டுக்குப் போர்டு கிடையாது. "மியூசியம்னு எழுதி வெச்சா கரண்டு பில்லை ஏத்திடுவாங்க சார்" என்று சிரித்தபடி வரவேற்றார் கோதண்டம். அறுபதைத் தொடும் வயது, கிரீஸ் படிந்த வேட்டி. பழைய சூளைக் கொட்டகையில் இருபுறமும் கார்கள், கழுத்தில் மாலையோடு. ஒவ்வொன்றின் முன்னாலும் பெயரையும் வருடத்தையும் எழுதித் தன் சூளையிலேயே சுட்ட பீங்கான் தட்டு. லேண்ட்மாஸ்டர், அதன் பிள்ளையான அம்பாசடர், ஸ்டீயரிங்கிலேயே கியர் வைத்த பத்மினி. மைனர் என்ற குட்டிக் காரில் திரும்பும் பக்கம் காட்ட விளக்கு கிடையாது. கதவோரத்திலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். கோதண்டம் அதைப் போட்டுக் காட்டினார். நான் கைதட்டிவிட்டேன்.

வாசல் அருகே நின்றதுதான் ராணி. அறுபதுகளின் ஹெரால்டு, பாதி சிவப்பு, பாதி பால் வெள்ளை. அதற்கு மட்டும் சாமந்திக்குப் பதில் ரோஜா. பக்கத்தில் புது வேட்டி, பட்டுச் சட்டையில் ஒருவர் வியர்த்துக்கொண்டு நின்றார்.

"இவரு சூசை. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லோடு அடிக்கிற டிராக்டர் ஓட்டறாரு. இன்னிக்கு இவரு பொண்ணு ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். பத்து மணிக்குக் கோயில்ல பூசை" என்றார் கோதண்டம். மாதா கோயிலுக்கு ஸ்டெல்லா இந்தக் காரில்தான் போவாள் என்பது அவள் ஆறாவது படிக்கும்போதே முடிவான விஷயமாம். மாப்பிள்ளை வீட்டார் ஏசி கார் அனுப்புகிறோம் என்றபோது, "எங்க பொண்ணு எங்க ஊரு கார்லதான் வரும்" என்று சூசை வீறாப்பாகச் சொல்லிவிட்டார்.

கோதண்டம் சாவியைத் திருகினார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. சூசையின் முகம் சுருங்கியது.

"பெட்ரோல் இருக்குதுல்ல?"

"டேங்க் ரொம்பி இருக்குதுய்யா!"

"அப்ப அம்பாசடரை எடுங்கண்ணே." அதுவும் கிளம்பவில்லை. பத்மினி இருமக்கூட இல்லை. வாராவாரம் தவறாமல் உறுமும் ஒன்பது வண்டிகளும் ஒரே நாளில் கட்சி மாறிவிட்டன. தள்ளிப் பார்ப்போம் என்று நானும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். ஹெரால்டை எஸ்டேட் கேட்டு வரை தள்ளிக்கொண்டு போய், அப்படியே திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தோம். பொம்மைக் கடைப் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது; சூசையைப் பார்த்ததும் அடங்கியது.

அவர் செல்போன் அடித்தது. "கிளம்பிட்டோம் சம்மந்தி, தோ வந்துகினே இருக்கோம்" என்று பேசிவிட்டு, "அண்ணே, டிராக்டர்ல ஏத்திகினு போனா எம் பொண்ணு ஆயுசுக்கும் எங்கூடப் பேசாது" என்றார். மணி ஒன்பதரை.

அப்போதுதான் மோர்ச் செம்போடு வந்தார் கோதண்டத்தின் மனைவி சரோஜா. பீங்கான் பட்டறையை நடத்துவதே இந்த அம்மாள்தான். "எப்பிடி நின்னு போவும்? நேத்து இவரு மாலை வாங்கப் போனப்ப, எல்லாக் காருக்கும் உள்ள எவ்ளோ பக்தியா பொட்டு வெச்சேன்! ஒயரைப் புடுங்கி, அந்த வெள்ளைக் கட்டைக்கெல்லாம் தலையிலேந்து இடுப்பு வரைக்கும் சந்தனம் தடவி, குங்குமம் வெச்சு, திருப்பி மாட்டி..."

கோதண்டம் மோரைக் கீழே வைத்தார். ஹெரால்டின் முன்பக்கத்தை முழுசாகத் தூக்கி ஒயரைப் பிடுங்கினார். நாலு ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் கட்டைகளும் சந்தனமும் குங்குமமுமாகக் கோலாகலமாக, இன்னும் ஈரம் காயாமல் இருந்தன.

"அடிப்பாவி! மழைக்கால ஈரம் வேற! பொறி பறக்க வேண்டிய கரண்டு பூரா உன் சந்தனம் வழியா பாடியில எறங்கிப் போவுது! பீங்கான் ஊர்ல பொறந்துட்டு, பீங்கானு எதுக்குன்னு தெரியாதா?"

"சாமிக்கு வெச்சது குத்தமா? நவுருங்க. பீங்கான்தான, தொடச்சா போச்சு" என்று அவரை ஒதுக்கிவிட்டு, துணியைப் பெட்ரோலில் நனைத்துப் பரபரவென்று துடைத்தார் சரோஜா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாதிச் சிரிப்பில் என் ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு மோரைக் குடித்தேன்.

சாவியைத் திருகியதும் ஹெரால்டு ஒரே உறுமல். சூசை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "யேசுவே" என்றவர் கோதண்டத்தைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டார். போக இருந்து திரும்பிக் கைக்கு வந்த மானம் அல்லவா! சரோஜா ஓரமாகக் குங்குமச் சிமிழை மறைத்துக்கொண்டு நின்றார். சூசை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"அண்ணி, வெறும் நெத்தியா எடுத்துகினு போறதா? வைங்க. ஆனா வெளிய மட்டும் வைங்க."

சரோஜா சிரித்துக்கொண்டே பானட்டின் நடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு பின் சீட்டில் தொற்றிக்கொண்டேன். சூசை வீட்டு வாசலில் வெள்ளைப் புடவையும் முக்காடுமாக நின்ற ஸ்டெல்லா, காரைக் கண்டதும் மணப்பெண் என்பதை மறந்து குதித்தாள். அவளுக்கு இடம் விட்டு நான் இறங்கி, ஆட்டோவில் பின்னாலேயே போனேன். பத்துக்குச் சரியாகக் கோயில் வாசலில் ஹெரால்டு நின்றது. சம்பந்தி வீட்டார் தங்கள் ஏசி காரை விட்டுவிட்டு, இதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். முன்பின் தெரியாத எனக்கும் பிரியாணிப் பந்தியில் இலை விழுந்தது.

மாலை ஆறு மணிக்கு வீடு. நான் பார்த்த கார்களெல்லாம் அழகுதான்; ஆனால் பஸ்ஸில் வழி நெடுக என் மனம் என் ஸ்கூட்டர் மேலேயே இருந்தது. "மெக்கானிக் நாளைக்குத்தான் வருவானாம்" என்றாள் மனைவி. நான் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பிளக்கை எடுத்து, பழந்துணியால் அழுத்தித் துடைத்து மாட்டினேன். இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது.

"என்ன பண்ணீங்க?" என்று ஓடி வந்தாள்.

"விருத்தாசலம் போயிட்டு வந்தேன்" என்றேன்.